மந்திரி வருவதற்குள் மூடிய விரிசல்

பேராசிரியரே, நீங்கள் நடத்திய பயிலரங்கின் கடைசி நாளில் திரையில் காட்டிய கோடு பொய். அது உப்பளம் குடியிருப்பின் விரிசலை அளந்த கோடு அல்ல. அது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் முந்தின நாளே நான் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். தெரிந்தும் காட்டினீர்கள்.

உங்கள் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் இது இரண்டு பேருக்குள் நடக்கும் சண்டை என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்கள். என்ன நடந்தது என்று தெரியாதவர்களுக்காக முதல் நாளிலிருந்து சொல்கிறேன்.

நான் மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறேன். பாலங்களைப் பராமரிக்கும் அலுவலகத்தில் பொறியாளர். பாலத்திலும் கட்டடத்திலும் கருவிகளைப் பொருத்தி, எங்கே அசைகிறது, எங்கே விரிகிறது என்று தொடர்ந்து கவனிப்பது எங்கள் பிரிவின் வேலை. நோயாளிக்கு நாடி பார்ப்பது போல என்று எங்கள் துறையில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த உவமை பிடிக்காது. நோயாளிக்கு வலித்தால் கத்துவான். கட்டடம் கத்தாது. இடிந்து விழும்போதுதான் சத்தம் வரும்.

புதுச்சேரியில் இதற்கு ஒரு பயிலரங்கு என்று அழைப்பு வந்தபோது எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். மலாய்க்காரர். "நீ போய் வா. உனக்கு அவர்கள் பாஷை தெரியும். வீட்டில் உன்னைத் தேட யாரும் இல்லை" என்றார். இரண்டும் உண்மைதான். இரண்டாவதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதல் நாள் காலை விடுதி வாசலில் ஆட்டோ பிடித்தேன். கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபம், அங்கே கருத்தரங்கு என்றேன்.

"இன்னா செய்வாங்க மேடம் அதுல?"

"கட்டடத்துல மிஷின் பொருத்திப் பாக்கக் கத்துக்குடுப்பாங்க."

"அப்படிச் சொல்லக்கூடாதா, ஏறுங்க" என்று கிளம்பினார். கடல் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. லாரிகள்தான் வந்தன. கடைசியில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்பு ஆலையின் வாசலில் வண்டியை நிறுத்தினார். நான் கத்தினேன். அவர் அசரவில்லை.

"மிஷினுன்னா மேட்டுப்பாளையந்தான் மேடம். பீச்சுல இன்னா மிஷினு கீது? ஐஸ் வண்டிதான் கீது."

திரும்பி வருவதற்குள் தொடக்க உரை முடிந்து, குத்துவிளக்கின் திரிகளில் பாதி அணைந்திருந்தன. என் இருக்கையில் யாரோ பையை வைத்திருந்தார்கள். நான் எடுத்துத் தரையில் வைத்தேன். பைக்காரர் என்னை முறைத்தார். அந்த மண்டபத்தில் அன்று என்னை நேராகப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

மதியச் சாப்பாட்டில் இரண்டு வகை மேசைகள் தானாக அமைந்துவிட்டன. வெள்ளைக்காரப் பயிற்சியாளரும் அவரைச் சுற்றி நின்ற பெரியவர்களும் ஒரு பக்கம். சென்னை, கோவை, விழுப்புரம் என்று வந்த இளம் பொறியாளர்கள் இன்னொரு பக்கம். இளைஞர்களிடம் போனேன். நான் தமிழில் கேட்டதற்கு அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "மலேசியாக்காரங்க, ஆனா தமிழ் நல்லாப் பேசறாங்கடா" என்றான். நான் என்ன கிளியா? வெள்ளைக்காரர் பக்கம் போனேன். அவர் என்னைப் பார்த்துச் சாம்பாரில் காரம் அதிகமா என்று கேட்டார். தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய் நின்று சாப்பிட்டேன்.

இரவுச் சாப்பாடும் அப்படித்தான். நெல்லித்தோப்பில் ஒரு உணவகம். "எத்தனை பேரு?" என்றார் பரிமாறுபவர். ஒருத்தி என்றேன். "ஒருத்தர்னா அங்க" என்று கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைக் காட்டினார். புரோட்டா நன்றாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொருவராக வந்து என் தோளுக்கு மேல் கை கழுவினார்கள். எங்கள் ஊரில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையை மாமாக் கடை என்போம், அங்கே தனியாகப் போய் உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று பார்ப்பதில்லை. பாதிக் கடை தனியாக வந்தவர்கள்தான். எல்லோரும் தொலைக்காட்சியில் பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு தேநீரை வைத்து நேரத்தை ஓட்டுவார்கள். அதையும் தனிமை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே அது கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இல்லை.

இரண்டாம் நாள் எங்களை உப்பளம் என்ற பகுதிக்குக் கூட்டிப் போனார்கள். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு. உப்புக்காற்று அதைப் பல வருடமாகத் தின்றிருந்தது. பால்கனிகளின் அடியில் சிமெண்ட் பெயர்ந்து, உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. பயிற்சிக்கு இதைவிட நல்ல கட்டடம் கிடைக்காது என்று நீங்கள் சொன்னீர்கள், பேராசிரியரே. அதில் மக்கள் குடியிருந்தார்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை. கொடியில் துணி காய்வதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

எனக்குக் கிடைத்த இடம் இரண்டாம் மாடி. படிக்கட்டுக்குப் பக்கத்தில் தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் ஒரு விரிசல். அதன் குறுக்கே ஒரு கருவி பொருத்த வேண்டும். கருவி எளியது. ஒரு கால் விரிசலின் இந்தக் கரையில், இன்னொரு கால் அந்தக் கரையில், நடுவே மெல்லிய தண்டு. விரிசல் திறந்தால் தண்டு நீளும், மூடினால் சுருங்கும். அது கம்பி வழியாகக் கீழே இருக்கும் கணினியில் ஒரு கோடாக வரும். இரண்டு கரை முக்கியம். அதை மறந்துவிடாதீர்கள்.

நான் துளை போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாக்கா, கேபிள் டிவியா?"

"இல்லம்மா. இந்த விரிசல் பெருசாகுதான்னு பாக்கப் போறோம்."

"பெருசாவுது. இதுக்கு எதுக்கு மிஷினு? என்னக் கேட்டா நான் சொல்லப்போறேன்."

அவர் பெயர் அஞ்சலை. மீன் விற்கிறார். வீட்டுக்காரர் படகில் கூலிக்குப் போகிறார். சுனாமியில் கடலோரத்தில் இருந்த வீடு போய்விட்டது. தற்காலிகம் என்று சொல்லி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கதவைச் சாத்திக் காட்டினார். நிலை கோணிவிட்டதால் தாழ்ப்பாள் அதன் துளையில் விழவில்லை. உள்பக்கம் வலைக்கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"வேற எடம் குடுங்கன்னு ஆபீசுக்கு நடையா நடந்துட்டோம்க்கா. மிஷினு வச்சிப் பாக்க வெளிநாட்டுலேருந்து ஆளு வராங்க, அவங்க மோசம்னு சொல்லிட்டா ஒடனே மாத்தித் தரோம்னுட்டாரு ஆபீசரு. நீங்கதான அது?"

நான் துளைக்கருவியைக் கீழே வைத்தேன். "நாங்க பயிற்சிக்கு வந்தவங்கம்மா" என்றேன்.

"பயிற்சின்னா?"

"கத்துக்க வந்திருக்கோம்."

"எங்க வூட்ல வச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே கூப்பிட்டுச் சங்கரா மீன் குழம்பும் சோறும் போட்டார். "இன்னாக்கா, ரேடியோவுல நியூஸ் படிக்கிறாப்ல பேசற" என்று கேலி செய்தார். அந்த ஊரில் நான் யாருடனாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கீழே வந்ததும் உங்களிடம் கேட்டேன், பேராசிரியரே. இந்தக் கருவிகள் சொல்வதை வைத்துத்தான் இவர்களுக்கு மாற்று வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்களே, உண்மையா என்று. "அதெல்லாம் நிர்வாக விஷயம் மேடம். இவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க" என்றீர்கள். இல்லை என்று நீங்கள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் முழுக்க மண்டபத்தில் கணினிக்கு முன்னால். எங்கள் விரிசலின் கோடு வந்திருந்தது. வெயில் ஏறும்போது கோடும் ஏறியது. அது எல்லாக் கட்டடத்திலும் நடப்பது. சூட்டில் காங்கிரீட் நீளும், ஆறினால் சுருங்கும். ஆனால் ஆறின பிறகு கோடு பழைய இடத்துக்கு இறங்கி வரவில்லை. கொஞ்சம் மேலேயே நின்றது. நான் கத்தும் ரகம் என்பதால் முதலில் கத்தாமல் இருந்தேன். ஒரு நாள் கோட்டை வைத்து எந்தக் கட்டடத்தைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரப் பயிற்சியாளரும் அதைப் பார்த்துவிட்டு, "இது கவனிக்க வேண்டியது. குறைந்தது ஒரு வருடம் விட்டுவைத்துப் பார்க்க வேண்டும்" என்றார். நீங்கள் அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள்.

அன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்தேன். குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார். நாயிடம் பிரெஞ்சில் பேசினார், என்னிடம் "பொன்ழூர் மதாம்" என்றார். நான் தமிழில் வணக்கம் சொன்னேன். அவர் ஏமாந்துபோன மாதிரி இருந்தது. திரும்பும் வழியில் தொலைபேசிக் கடையைப் பார்த்து உள்ளே போனேன். யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தேன். என் வீட்டு எண்ணையே சுழற்றினேன். வெகு நேரம் மணி அடித்தது.

"லைன் கெடைக்கலையா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"கெடைக்குது. எடுக்கத்தான் ஆள் இல்ல."

"அப்ப பேசினதாக் கணக்கு வராது, போங்க" என்றார். நல்ல மனிதர்.

நான்காம் நாள் மந்திரி வந்தார். உப்பளத்தில் கருவிகளை அவர் கையால் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கும் கருவியை எப்படித் தொடங்கிவைப்பது என்று கேட்டேன். எங்களை ஏற்றிய பேருந்தை அவருடைய கார்கள் போவதற்காக வழியிலேயே மறித்துவிட்டார்கள். உள்ளே வேகிறது. ஓட்டுநர் இறங்கி நிழலில் பீடி பற்றவைத்துக்கொண்டார். நான் இறங்கி நடந்தேன்.

குடியிருப்பு எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்பக்கம் முழுக்க மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள், ஈரம் கூடக் காயவில்லை. படியேறிப் போனேன். விரிசலைக் காணவில்லை. சிமெண்டைக் குழைத்து அடைத்து, தேய்த்து, அதன் மேலும் மஞ்சள். என் கருவி அந்த இடத்தில் இல்லை. ஒரு சாண் கீழே, தூணில் விரிசலே இல்லாத பகுதியில், தூக்குக்குண்டு பிடித்ததுபோல் நேராக நின்றது. இரண்டு காலும் ஒரே கரையில்.

கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரு இத மாத்தினது?"

"நாந்தான் மேடம். மந்திரி வரதுக்குள்ள வெடிப்பு தெரியாம அடைச்சிடுன்னாங்க. மிஷினு குறுக்கால இருந்துச்சு, கழட்டிட்டு அடைச்சேன். முன்ன கோணலா வேற வச்சிருந்தாங்க. இப்ப பாருங்க, எவ்ளோ நேரா கீது."

அவர் பாராட்டை எதிர்பார்த்தார். கோணல் விரிசலின் குறுக்கே வைத்தால் கருவியும் கோணலாகத்தான் நிற்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். கீழே தவில் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மந்திரி விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினார். திரையில் ஒரு கோடு, மேசை மாதிரி மட்டமாக ஓடியது. கைதட்டினார்கள். குடியிருப்பை நிர்வகிக்கும் அதிகாரி மாடியில் நின்ற சனங்களைப் பார்த்து, "பாத்துக்குங்க! ஆடல, அசையல! இனிமே ஆபீசுக்கு வந்து பில்டிங் விழுது விழுதுன்னு கத்தக்கூடாது, இன்னா?" என்றார். மந்திரி சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள், பேராசிரியரே. அஞ்சலை மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் உங்களை மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள். ஈர வண்ணத்தை விரலால் தொட்டும் பார்த்தீர்கள். பிறகு கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தபடி, "இது வெறும் பயிற்சித் தரவுதானே மேடம். ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படறீங்க? நான் பாத்துக்கறேன்" என்றீர்கள்.

எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்பதை ஐந்தாம் நாள் பார்த்தேன். நிறைவு விழா. மேடையில் நீங்கள். திரையில் எங்கள் தூணின் கோடு. அது மந்திரி விசையை அழுத்திய நேரத்திலிருந்து தொடங்கியது. அதற்கு முந்தின இரண்டு நாள் கோடு இல்லை. "ஆரம்பப் பதிவுகள் சோதனை ஓட்டம் என்பதால் நீக்கப்பட்டுள்ளன" என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. "அசைவு ஏதும் இல்லை. கட்டமைப்பு நல்ல நிலையில் இருப்பதைக் கருவிகள் உறுதி செய்கின்றன" என்றீர்கள். முன்வரிசையில் அந்த அதிகாரி அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்றேன். ஒலிபெருக்கி தரவில்லை, எனக்கு அது தேவையும் இல்லை. "அந்தக் கருவியின் இரண்டு காலும் விரிசலுக்கு ஒரே பக்கத்தில் இருக்கிறது. அது எதை அளக்கிறது?" என்று கேட்டேன். நீங்கள் புன்னகை செய்து, "நம் மலேசியச் சகோதரியின் ஆர்வத்துக்கு நன்றி. தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது" என்றீர்கள். எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் நான் இரண்டாம் முறை கேட்டது யார் காதிலும் விழவில்லை.

வெளியே வெள்ளைக்காரர் என்னிடம் வந்தார். "நீ கேட்டது சரி. ஆனால் நான் இங்கே விருந்தாளி" என்றார். நானும் விருந்தாளிதான் என்றேன். விழுப்புரத்துப் பையன், முதல் நாள் என் தமிழை மெச்சியவன், தேநீர் கொண்டுவந்து கொடுத்தான். "விட்டுடுங்க மேடம். நீங்க ஏரோப்ளேன் ஏறிடுவீங்க. நாங்க இந்த ஆளுங்க கிட்டயேதான் வேல பாக்கணும்" என்றான். முதல் முறையாக என்னிடம் தமிழில் பேசினான். அதற்கா பேசவேண்டும்?

புறப்படும் நாள் காலை உப்பளத்துக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. அஞ்சலை மீன் கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கூடையை இறக்கிவைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"நேத்து ஆபீசர் வந்துட்டுப் போனாரு. மிஷினு நல்லாக் கீதுன்னு சொல்லிடுச்சாம். வேற எடம் கெடையாதாம்."

நடந்ததை நான் ஒன்று விடாமல் சொன்னேன். கருவியை மாற்றி வைத்தது, கோட்டை வெட்டியது, நான் கேட்டது, தேநீர். அவர் சும்மாட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"சரி. அப்ப இங்க இருக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லு."

"தெரியலம்மா. அத அளக்கத்தான் வச்சோம். அளக்கவிடல."

"தெரியலன்னு சொல்றதுக்கா அங்கேருந்து வந்த? அவங்களாவது ஏதோ ஒண்ணு சொன்னாங்க. நீ இன்னா சொல்ற?"

விழும் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். ஆனால் அது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொன்னால் எனக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம், பேராசிரியரே? "நீயும் அவங்க பஸ்ஸுலதான வந்த" என்று சொல்லிவிட்டு அஞ்சலை கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு படி இறங்கினார். அவர் தெருமுனை திரும்பும் வரை நான் அங்கேயே நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

கிள்ளானுக்கு வந்த பிறகு உங்களுக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்கு, பங்கேற்புச் சான்றிதழ் தபாலில் வரும் என்று பதில் வந்தது. இரண்டாவதற்குச் சான்றிதழே வந்துவிட்டது. அந்த அதிகாரிக்கும் எழுதினேன். அவர் பதிலே போடவில்லை. ஆகவேதான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டடம் விழும் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை இன்னும் பல வருடம் நிற்கும். நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் அதை அளக்கவில்லை. அளக்காமல், அளந்தோம், நன்றாக இருக்கிறது என்றீர்கள். அதை நம்பி ஒரு அதிகாரி ஒரு கதவைச் சாத்தினார். கதவுக்கு உள்ளே ஆட்கள் தூங்குகிறார்கள்.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். இந்தப் பத்திரிகையில் எழுதுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போங்கள். சனங்கள் வேலை முடிந்து வரும் சாயங்காலமாகப் பார்த்துப் போங்கள். அதிகாரியையும் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் மாடியில், மஞ்சள் அடித்த அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: மந்திரி வந்த நாளிலிருந்து அந்தக் கருவி எதை அளந்தது? முதல் இரண்டு நாள் கோட்டை யார் வெட்டினார்கள், ஏன்? அவர்கள் அங்கே இருக்கலாமா, கூடாதா?

தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன், உயிர் போகாது. பயிற்சித் தரவு என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள்.